ரயில் ஒரு ஊரில், கலெக்டர் ஆபீஸ் ஒரு ஊரில்



சேலத்திலிருந்து விருத்தாசலம் போகிற ரயிலில் ஆத்தூரைத் தாண்டினால், வடக்குப் பக்க ஜன்னலில் கல்வராயன் மலை கூடவே வரும். மலைக்கு மேலே கரியாலூர். கீழே, ரயில் நிற்கிற ஊர் சின்னசேலம்.

ரயில் வந்தால் ஊர் வளரும் என்பது பொதுவான நம்பிக்கை. அமெரிக்காவின் மேற்கே ஷயென் என்ற நகரம் 1867-இல் யூனியன் பசிபிக் ரயில் பாதைக்காகவே பொட்டல்வெளியில் எழுந்தது. நம் பக்கம் கதை வேறு. 1930-களின் தொடக்கத்தில் மீட்டர் கேஜ் வந்தது சின்னசேலத்துக்கு. வளர்ந்தது என்னவோ தண்டவாளமே இல்லாத கள்ளக்குறிச்சி. கச்சிராயபாளையம், சங்கராபுரம், திருக்கோவிலூர் என்று எந்தப் பக்கத்துப் பஸ்ஸும் வந்து நிற்பது அங்கேதான். தாலுகா ஆபீஸ், கோர்ட், பெரியாஸ்பத்திரி எல்லாம் அங்கே. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மலையிலிருந்து இறங்குகிறவர், மனு கொடுக்கிற ஊரிலேயே உப்பு, துணிமணியும் வாங்கிக்கொண்டு ஏறுவாரா, ரயிலைப் பார்க்க இன்னொரு ஊருக்குப் போவாரா?

அகலப்பாதை போடுவதற்காக வண்டிகள் நின்றிருந்த காலத்தில் ஜனங்கள் பஸ்ஸுக்குப் பழகிவிட்டார்கள். 2007-இல் ரயில் திரும்பி வந்தபோது, மக்காச்சோளமும் மரவள்ளிக்கிழங்கும் லாரிக்கு மாறியிருந்தன. சோளம் நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்கு, கிழங்கு ஆத்தூர் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு. வயலோரத்திலேயே மூட்டையை ஏற்றி ஆலை வாசலில் இறக்குகிற லாரியோடு ரயில் எப்படிப் போட்டி போடும்? சின்னசேலம் ஸ்டேஷனில் இன்று ஏறுவது பெரும்பாலும் ஆட்கள்தான், சென்னைக்கும் சேலத்துக்கும்.

இதில் எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. ஜாகீர்தார்கள் கையில் இருந்த கல்வராயன் மலை, அரசு நிர்வாகத்தின் கீழ் வந்தது 1976-இல். அடிவாரத்தில் ரயில் ஓடத் தொடங்கி நாற்பது வருஷத்துக்கு மேல் கழித்து! கீழே ஸ்டேஷன் மாஸ்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த காலத்தில், மேலே விளைச்சலில் பங்கும் இனாம் வேலையும் ஜாகீர்தாருக்குப் போய்க்கொண்டிருந்தன. அப்புறம்தான் பள்ளி, உண்டு உறைவிட விடுதி, ஆஸ்பத்திரி, கொண்டை ஊசி வளைவுகளில் தார் ரோடு என்று ஒவ்வொன்றாக வந்தன. இப்போது கரியாலூரில் படகுத்துறை இருக்கிறது. கோடையில் விழா எடுக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூர்க் கார்கள் வரிசையாக நிற்கின்றன. இதே மலையின் உள்கிராமங்கள் சிலவற்றில் பிரசவ வலி எடுத்த பெண்ணைத் தூளி கட்டித் தூக்கி வரவேண்டிய நிலைமையும் இருக்கிறது. 2024-இல் கள்ளக்குறிச்சியில் நடந்த கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து கல்வராயன் மலை மக்களின் வசதிக் குறைவை வழக்காக எடுத்தது. அதில் திரும்பத் திரும்ப அடிபட்டது ரோடும் பஸ்ஸும்தான்.

கள்ளக்குறிச்சி 2019-இல் தனி மாவட்டமானது. கலெக்டர் ஆபீஸ் வந்துவிட்டது, ரயில் வரவில்லை. சின்னசேலத்திலிருந்து பதினாறு கிலோமீட்டர் சொச்சம் புதுப் பாதை போடும் வேலை வருஷக்கணக்கில் இழுத்தது. அதில் ரயில் ஓடினால் கள்ளக்குறிச்சிக்காரருக்கு ஒரு பஸ் மிச்சம். கரியாலூர்க்காரர் அந்த ஸ்டேஷனுக்கு வந்து சேரவும் முதலில் கச்சிராயபாளையம் வழியாக இறங்குகிற பஸ் நேரத்துக்கு வரவேண்டும். என்னைக் கேட்டால், அந்த பஸ்ஸுக்குத்தான் முதலில் கொடி அசைக்கவேண்டும்.