சர்க்கரை ருசிக்காக அல்ல
(காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நம் உடம்பில் தண்ணீரும் கார்பனும் செய்கிற வேலையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ரசாயனம் என்றதும் பலருக்குப் பரீட்சை ஞாபகம் வரும். ஆகவே எல்லார் வீட்டிலும் தெரிந்த ஒன்றை வைத்தே சொல்கிறேன். வயிற்றுப்போக்கின்போது உப்பும் சர்க்கரையும் கலந்த ஜலம் கொடுக்கிறோம். அதில் சர்க்கரை எதற்கு? ருசிக்கு என்பார்கள், தெம்புக்கு என்பார்கள். முக்கியக் காரணம் வேறு.

முதலில் தண்ணீர். அதன் மூலக்கூறில் ஓர் ஆக்ஸிஜனும் இரண்டு ஹைட்ரஜனும் வளைந்த வடிவில் சேர்ந்திருக்கின்றன. ஆக்ஸிஜன் பக்கம் சிறிது எதிர்மின் தன்மை, ஹைட்ரஜன் பக்கம் சிறிது நேர்மின் தன்மை. அதனால்தான் உப்பைப் போட்டதும் சோடியம் வேறு, குளோரைடு வேறு என்று பிரித்துக் கரைத்துவிடுகிறது. பெரியவர்களின் எடையில் சுமார் 60 சதவிகிதம் தண்ணீர்தான்.

அடுத்து கார்பன். அதற்கு நான்கு கைகள். பல கார்பன்கள் கைகோத்து, மற்றக் கைகளில் ஹைட்ரஜனை மட்டும் பிடித்தால் எண்ணெய்ப் பசையுள்ள சங்கிலி, தண்ணீரோடு ஒட்டாது. செல்லைச் சுற்றியுள்ள சவ்வு இத்தகைய கொழுப்பால் ஆனது. சோடியம் அதைத் தானாகத் தாண்ட முடியாது. ஆனால் 6 கார்பன்கள் ஆக்ஸிஜனையும் சேர்த்துக்கொண்டால் குளுகோஸ். அது தண்ணீரில் சுலபமாகக் கரையும்.

சிறுகுடல் சவ்வில் ஒரு புரத வாசல் உண்டு. ஒரு குளுகோஸ் வந்தால், கூடவே இரண்டு சோடியத்தையும் உள்ளே விடும். சோடியம் போன வழியே தண்ணீரும் போகும். 1960இல் ராபர்ட் கிரேன் இதை எடுத்துச் சொன்னார். காலரா கண்டாலும் இந்த வாசல் அடைபடுவதில்லை என்பதே விசேஷம்.

1971இல் வங்க அகதிகளிடையே காலரா பரவியது. பன்காவ் முகாமில் நரம்பில் ஏற்றும் ஸலைன் தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுகோஸும் கலந்த கரைசலைக் குடிக்கக் கொடுத்தார். சுமார் 30 சதவிகிதமாக இருந்த சாவு, 4 சதவிகிதத்துக்கும் கீழே இறங்கியது. அவர் 2022இல் காலமானார். மறு வருஷம் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

நமக்கு இதில் என்ன பாடம்? அளவுதான் மருந்து. சர்க்கரை அதிகமானால் அது உடம்பிலிருந்தே ஜலத்தைக் குடலுக்கு இழுத்து, போக்கை அதிகமாக்கும். உப்பு அதிகமானால் குழந்தைகளுக்கு ஆபத்து. பாக்கெட் கிடைக்காவிட்டால், காய்ச்சி ஆறவைத்த 1 லிட்டர் ஜலத்தில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இரண்டும் தலைதட்டி அளந்தது. அன்றன்றைக்குப் புதிதாகக் கலந்து, சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். குளிர்பானமும் டப்பா ஜூஸும் இதற்கு ஈடாகா. உலக சுகாதார நிறுவனத்தின் அளவில் இல்லாத பானங்கள் தங்கள் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போடக் கூடாது என்று 2025இல் உணவுப் பாதுகாப்பு ஆணையமும் உத்தரவிட்டது.

வயதானவர்களுக்குத் தாகம் தெரிவது குறைவு. கேட்கட்டும் என்று காத்திராமல் நாமே கொடுக்க வேண்டும். இருதயம், சிறுநீரகம், சர்க்கரை வியாதி உள்ளவர்கள் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நலம். மயக்கம் கண்டாலோ, சிறுநீர் நின்றாலோ தாமதியாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.