கேளாதோர்க்கும் எட்டும் சொல்



செவிப்புலனற்ற சகோதரர்க்குத் தொலைக்காட்சி நெடுங்காலம் மௌனப் படமாகவே இருந்தது. 1972-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர நிலையம், சமையல் நிகழ்ச்சியொன்றில் பேச்சை எழுத்தாக்கித் திரையில் காட்டியது. 1980-இல் வேண்டுவோர் மட்டும் காணும் எழுத்து வந்தது. அதற்கோ தனிக் கருவியை அவர்களே விலைகொடுத்து வாங்க வேண்டியிருந்தது. 1990-இல் இயற்றப்பட்ட சட்டத்தால், 1993 முதல் 13 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள புதிய பெட்டிகளிலேயே அவ்வசதி அமைந்தது. சுமை கேளாதோர் தோளிலிருந்து இறங்கியது.

இவ்விழா நாளில் நாமும் உறுதி கொள்வோம். நம் திருப்பலி, மறையுரைக் காணொளிகளில் எழுத்துச் சேர்ப்போம். பேசுபவர் யார், மணி ஒலிக்கிறதா, பாடல் தொடங்கிற்றா என்பதையும் குறிப்போம். கணினி தானாக எழுதுவதை நம்மில் ஒருவர் படித்துத் திருத்துவோம். அவர்கள் வந்து கேட்கும்வரை காத்திராது, இன்றே தொடங்குவோம்.