கொட்டகையில் உறங்கும் பழங்கார்கள்

நம் நாட்டிலேயே கார்கள் உருவாகுமுன், சீமைக் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் கப்பலேறியே கொல்கத்தாவுக்கு வந்தன. கார்டன் ரீச்சை அடுத்த கிதிர்பூர் துறை 1892-இல் திறக்கப்பட்டது. அவ்வாறு வந்த வண்டிகளுட் பல பழைய இரும்பாகிவிட்டன. சில இன்னமும் கொட்டகைகளில் உறங்குகின்றன. அவையும் போற்றத்தக்க செல்வமே என்பதை, 1968-இல் ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் இந்நகரில் தொடங்கிய பழங்கார் அணிவகுப்பு உணர்த்திற்று.

மத்திய அரசின் 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி, முதற்பதிவாகி 50 ஆண்டுகள் கடந்த சொந்த வண்டியைத் தனி வகையாகப் பதியலாம். ஆனால் அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவை பெரிதும் மாற்றப்பட்டிருத்தலாகாது. ஆகவே பழைய வண்டியைக் கண்டெடுத்தவர் பளபளப்பாக்க விரைதல் வேண்டா. துருவைப் பின்னரும் அகற்றலாம்; தொலைந்த உறுப்பை மீட்டல் அரிது. முதலில் எஞ்சின் எண்ணைக் குறித்து, பதிவுப் புத்தகத்தைத் தேடுக.

தங்கள் பேட்டையில் அத்தகைய வண்டி இருப்பின், உடையவரிடம் இவ்விதியை எடுத்துரையுங்கள். எடைக்குப் போடுமுன் அவர் ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.