வேகத்தடை கேட்பது நம் உரிமை
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



மகளிர் குழு விழாவுல ரோட்டைப் பத்தி என்ன பேச்சுன்னு நினைக்கலாம். ஒரு வீட்டுல ஒருத்தருக்கு அடிபட்டா, அந்த மாசமே சேமிப்பு நிக்குது, கடன் தவணை நிக்குது. பத்து வருஷம் சேர்த்தது ஒரே நாள்ல போயிடுது. அதனால இது நம்ம கணக்கு நோட்டு விஷயம்தான்.

மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்துல போற வண்டி ஒரு நொடியில சுமார் 8 மீட்டர் போகும். 60-ல போனா கிட்டத்தட்ட 17 மீட்டர். பிரேக் பிடிச்சப்புறம் வண்டி நிக்கிற தூரமோ நாலு மடங்கு ஆகும். பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பஸ் நிறுத்தம் பக்கத்துல வேகம் குறையணும்னு சொல்றது இதனாலதான்.

வேகத்தடையை நாமே மண்ணையும் கல்லையும் கொட்டிப் போடக் கூடாது. இருட்டுல வர்ற பைக்காரர் அதுல விழுவார். ஊராட்சி ரோடுன்னா ஊராட்சியிலயும், மாநில ரோடுன்னா நெடுஞ்சாலைத் துறையிலயும் மனு கொடுக்கணும். தேசிய நெடுஞ்சாலையில வேகத்தடை போட மாட்டாங்க. அங்கே சுரங்கப்பாதையோ, சிக்னலோ, விளக்கோ கேட்கணும். கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவை கூடுது. நாம எல்லாரும் போய் உட்கார்ந்து தீர்மானம் போட்டு, நகலைக் கலெக்டர் ஆபீசுக்கு அனுப்பணும்.

சட்டத்தையும் தெரிஞ்சுக்குங்க. 18 வயசு ஆகாத பிள்ளை வண்டி ஓட்டி மாட்டினா, பெத்தவங்களுக்கோ வண்டி சொந்தக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதம், 3 வருஷம் வரை சிறை. பின்னால உட்கார்ற நமக்கும் ஹெல்மெட் கட்டாயம்.

அடிபட்டவரைத் தூக்கிட்டுப் போக பயப்படாதீங்க. 2019 சட்டத் திருத்தப்படி, உதவி செஞ்சவர் பேர், விலாசம் சொல்லணும்னு கட்டாயமில்லை. 108-க்குக் கூப்பிடுங்க. நம்ம தமிழ்நாட்டுல 2021 டிசம்பர்ல தொடங்கின ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்துல, பட்டியல்ல உள்ள ஆஸ்பத்திரியில முதல் 48 மணி நேர சிகிச்சை, அரசு வச்ச வரம்புக்குள்ள இலவசம். காப்பீட்டு அட்டை இல்லைன்னாலும் உண்டு.

இடிச்ச வண்டி நிக்காம ஓடிட்டாலும் நிவாரணம் இருக்கு. 2022 ஏப்ரல் முதல் உயிரிழப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய். போலீஸ்ல புகார் பதிவு செஞ்சு, தாலுகா ஆபீசுல விசாரிங்க.

கடைசியா ஒரு யோசனை. பிள்ளைக்கு பைக் வாங்க குழுவுல கடன் கேட்டா, லைசென்சைப் பார்த்துட்டு, ரெண்டு ஹெல்மெட்டுக்கும் சேர்த்தே கடன் கொடுப்போம். இந்த வாரக் கூட்டத்துலயே தீர்மான நோட்டுல எழுதுங்க.