கழுத்து நோவும் இளவயதுப் பாரிசவாதமும்

(நல்லதண்ணியில் தோட்டக் குடும்பங்கள் மத்தியில் எமது நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)

 

பாரிசவாதம் என்றால் நம்ம மனசில் யார் வருகிறார்கள்? வேலையை விட்டு நின்ற தாத்தா, பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் கிளினிக் போகிற பாட்டி. "அது வயசானவங்களுக்கு வர்ற வருத்தம்" என்று சொல்லிவிட்டு இருந்துவிடுகிறோம். ஆனால் 25 வயதிலும், 35 வயதிலும் பாரிசவாதம் வரும். பிரஷர் இல்லாதவர்களுக்கும் வரும். அப்படி வருவதற்கு உள்ள ஒரு முக்கியமான காரணத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

நம்முடைய கழுத்தின் பின்பக்கம், எலும்பில் உள்ள துவாரங்கள் வழியாக, இரண்டு நாடிகள் மேலே ஏறுகின்றன. டாக்டர்மார் இவற்றை வெர்டிபிரல் நாடி என்பார்கள். நாம் விழாமல் நடப்பதற்கும், பார்ப்பதற்கும், விழுங்குவதற்கும், மூச்சு விடுவதற்கும் வேண்டிய மூளைப் பகுதிக்கு இரத்தம் கொண்டு போவது இவைதான்.

பீலியிலிருந்து லயத்துக்குத் தண்ணீர் கொண்டு வருகிற ரப்பர் குழாயை நினைத்துப் பாருங்கள். குழாயின் உள்தோல் ஓரிடத்தில் கிழிந்தால், தண்ணீர் அந்தக் கிழிசலுக்குள் புகுந்து தோலை உப்ப வைக்கும். வழி சுருங்கும். நாடியிலும் இதேதான் நடக்கிறது. உள்சுவர் கிழிந்த இடத்தில் இரத்தம் கட்டியாக உறையும். அந்தக் கட்டியில் ஒரு துண்டு பிரிந்து மூளைக்குப் போய் அடைத்தால், அதுதான் பாரிசவாதம்.

பாரிசவாதம் வந்தவர்கள் எல்லோரையும் எடுத்தால், கழுத்து நாடி கிழிந்து வந்தவர்கள் 100 பேரில் ஏறக்குறைய 2 பேர்தான். ஆனால் 50 வயதுக்குக் குறைந்தவர்களை மட்டும் எடுத்தால், 100 பேரில் 10 முதல் 25 பேர் வரை என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள்.

கிரிக்கெட் பார்க்கும் தம்பிமாருக்கு பிலிப் ஹியூஸை ஞாபகம் இருக்கும். அவுஸ்திரேலிய வீரர். 2014 நவம்பர் 25ஆம் திகதி சிட்னி மைதானத்தில் 63 ஓட்டங்களோடு ஆடிக்கொண்டிருந்தபோது, ஹெல்மெட்டுக்குக் கீழே கழுத்தில் பந்து பட்டது. இரண்டு நாள் கழித்து இறந்து போனார். 26 வயது நிறைய மூன்று நாள் இருந்தது. கிழிந்தது இதே வெர்டிபிரல் நாடிதான். அவருக்கு மூளையைச் சுற்றி இரத்தம் கசிந்தது. அது மிகவும் அரிது. பெரும்பாலும் நடப்பது நாம் முன்னால் சொன்ன அடைப்புத்தான்.

இதற்கு அவ்வளவு வேகமான பந்து பட வேண்டும் என்றும் இல்லை. 2024ஆம் ஆண்டு கர்நாடகாவில், பெல்லாரியைச் சேர்ந்த 30 வயது இளைஞர் ஒருவர் சலூனுக்குப் போனார். தலையைப் பிடித்துவிட்டு, கடைசியில் கழுத்தைச் சடக்கென்று திருப்பி நெட்டி எடுத்தார்கள். அப்போதே நோவு வந்தது. சில மணித்தியாலத்தில் பேச்சுக் குழறி, இடது பக்கம் பலம் இழந்தது. அவருக்குக் கிழிந்தது கழுத்தின் முன்பக்க நாடி. நாடி வேறானாலும் நடந்த விஷயம் ஒன்றே.

வழுக்கி விழுவது, பாரம் தூக்கும்போது கழுத்து வெட்டிக்கொள்வது, வாகனத்தில் அடிபடுவது, இவற்றாலும் நாடி கிழியலாம். சிலருக்கு ஒரு காரணமும் தெரியாமலேயே கிழியும்.

அடையாளங்களைக் கவனமாகக் கேளுங்கள். முதலில் கழுத்தின் ஒரு பக்கத்தில், அல்லது பின்மண்டையில், இதுவரை இல்லாத மாதிரி ஒரு நோவு. பிறகு சில மணித்தியாலத்திலோ, சில நாளிலோ, தலைச்சுற்று, வாந்தி, நடை தள்ளாட்டம், ஒன்று இரண்டாகத் தெரிவது, பேச்சுக் குழறல், விழுங்கக் கஷ்டம், முகத்தில் ஒரு பக்கம் மரத்துப் போவது. வாய் கோணாமல், கை கால் விழாமலும் இது வரும். ஏமாந்து போகிற இடம் இதுதான்.

நம்ம பக்கம் என்ன நடக்கிறது? கழுத்து நோவு என்றால் "சுளுக்குத்தான்" என்று எண்ணெய் போட்டு வழித்து, இழுத்துத் திருப்பி விடுகிறோம். கிழிந்த நாடியை மேலும் கிழிக்கிற வேலை அது. தலை சுற்றினால் "வெயில்ல நின்னது" என்கிறோம். ஆம்பளை ஆள் தள்ளாடி நடந்தால் "குடிச்சிட்டு வர்றான், படுக்க வைங்க" என்று விட்டுவிடுகிறோம். குடித்திருந்தாலுமே அவருக்குப் பாரிசவாதம் வரக்கூடாது என்று சட்டம் இல்லையே!

ஆகவே, திடீரென்று தள்ளாட்டமோ பேச்சுக் குழறலோ வந்தால் உடனே 1990க்கு அடியுங்கள். அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று பார்த்து வையுங்கள். கட்டியைக் கரைக்கிற மருந்து கொடுப்பதென்றால் நாலரை மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தேத்தண்ணிகூட குடிக்கக் கொடுக்க வேண்டாம், புரையேறும். கையில் இருக்கிற குளிசையைக் கொடுக்க வேண்டாம். ஆஸ்பத்திரியில், "மூணு நாளா கழுத்து நோவு, விழுந்தாரு" என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை டாக்டருக்கு வழி காட்டும்.

கழுத்து நோவு எல்லாம் இந்த வருத்தம் என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலானவை சாதாரண நோவுதான். ஆனால் புதிதாக வந்த கடும் நோவு என்றால், ஒரு நாள் பேர் போனாலும் பரவாயில்லை, காட்டிவிட்டு வாருங்கள். நேரத்தோடு கண்டுபிடித்தால், இரத்தம் உறையாமல் இருக்க 3 முதல் 6 மாதம் மருந்து கொடுப்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு நாடி ஆறிவிடும். அவர்கள் மலைக்குத் திரும்பி வேலை செய்யலாம். மருந்தை இடையில் மட்டும் நிறுத்தக் கூடாது.

தம்பிமாரே, சலூனில் "நெட்டி எடுக்கட்டுமா?" என்று கேட்டால், "வேணாம் அண்ணே" என்று சொல்லிவிடுங்கள். தாய்மாரே, பிள்ளை கழுத்து நோகுது என்றால் திருப்ப வேண்டாம், காட்டுங்கள். இங்கே வராத பக்கத்து லயத்துக்காரருக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள்.