பண்டிகைப் பலகாரமும் ஒவ்வாமையுள்ள குழந்தையும்
(புதுச்சேரி வட்டாரப் பஞ்சாயத்து உறுப்பினர்கள், விவசாயிகளிடையே ஆற்றிய உரை)



பண்டிகைகளுக்குக் குறைவில்லாத ஊர் நம் புதுச்சேரி. பொங்கலும் தீபாவளியும் ஒருபுறமிருக்க, மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையிலும், ஆடியில் வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேரிலும், வில்லியனூர் மாதா கோயில் திருவிழாவிலும் மக்கள் வெள்ளம் திரளுகிறது. இரமலான் மாதத்தில் நோன்புக் கஞ்சி. கிறிஸ்துமஸுக்கு ரவையும் முட்டையும் வெண்ணெயும் முந்திரியும் சேர்ந்த விவிகம் கேக். ஒரு வீட்டுப் பலகாரம் நான்கு வீடுகளுக்குச் செல்வது நம் வழக்கம். மதம் அதற்குக் குறுக்கே நிற்பதில்லை. இவ்வழக்கம் என்றும் நிலைக்க வேண்டும். அதே வேளையில், அதனால் எந்தக் குழந்தைக்கும் தீங்கு நேராதிருக்க நாம் செய்யக்கூடியவை யாவை என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

ஒவ்வாமை என்பது யாது?

நம் உடல் நோய்க்கிருமிகளை எதிர்த்துப் போராடும் ஆற்றல் படைத்தது. சில குழந்தைகளின் உடல், உணவிலுள்ள ஒரு புரதத்தையும் பகை என்று கருதிப் போர் தொடுத்துவிடுகிறது. இதுவே உணவு ஒவ்வாமை. பால் குடித்தால் வயிறு உப்புவதும் கழிவதும் பெரும்பாலும் செரிமானக் குறை. அது தொல்லை தரும், உயிரைப் பறிக்காது. ஒவ்வாமையோ சில நிமிடங்களில் உயிருக்கே உலை வைக்கக்கூடும். இரண்டையும் ஒன்றென எண்ணுதல் ஆகாது.

“ஒரு துண்டு தின்றால் என்ன ஆகிவிடும்?” என்று கேட்போர் நம்மிடையே உண்டு. இக்கேள்விக்கு விஞ்ஞானம் நூறாண்டுகளுக்கு முன்பே விடை கண்டது. 1901ஆம் ஆண்டில் மொனாக்கோ நாட்டு இளவரசரின் கப்பலில் சென்ற சார்ல் ரிஷே, போல் போர்த்தியே என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் கடல்வாழ் உயிர்களின் நஞ்சை ஆராயத் தொடங்கினர். முதல் முறை நஞ்சேற்றப்பட்டுப் பிழைத்த நாய்க்குச் சில வாரங்கள் கழித்து மிகச் சிறிதளவு நஞ்சை மீண்டும் செலுத்தியபோது, அது விரைவில் மாண்டது. அளவு சிறிதாயினும், உடல் அதனை முன்னரே பகையெனக் குறித்து வைத்திருந்தால் விளைவு பெரிதாகும் என்பது அப்போது புலனாயிற்று. இக்கடும் நிலைக்கு ‘அனாபிலாக்சிஸ்’ என்று பெயரிட்ட ரிஷேக்கு 1913இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

எப்பலகாரத்தில் எது மறைந்துள்ளது?

குழந்தைகளுக்குப் பெரும்பாலும் ஒவ்வாதவை பால், முட்டை, மணிலா, முந்திரி முதலிய கொட்டைகள், எள், கோதுமை, மீன், இறால் ஆகியவை. நம் நாட்டில் கொண்டைக்கடலையும் பிற பருப்புகளும் ஒவ்வாத குழந்தைகளும் உளர். இவை கண்ணுக்குத் தெரியும்படி இருந்தால் விலக்குவது எளிது. பலகாரத்தில் மறைந்திருக்கும்போதுதான் ஆபத்து. பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டையின் பூரணத்தில் எள் இருக்கலாம். அரிசி மாவு முறுக்கிலும் எள்ளும் உளுந்தும் உண்டு. அதில் சேர்க்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருக்கலாம். மைசூர்பாகில் கடலை மாவும் நெய்யும் உண்டு. நெய்யிலும் பாலின் புரதம் சிறிது எஞ்சி நிற்கும். நவராத்திரிச் சுண்டலில் ஒரு நாள் கொண்டைக்கடலை, மறுநாள் மணிலா. ஒரே எண்ணெய்ச் சட்டியில் முதலில் இறாலும் பின்னர் வடையும் வெந்தால், இறாலின் கூறு வடையிலும் ஏறிவிடும். ஒரே கரண்டி, ஒரே தட்டு, கழுவாத கை ஆகியவையும் அவ்வாறே.

இங்கு உழவர்களுக்கு ஒரு சொல். மணிலா நம் மண்ணின் செல்வம். புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து மார்சேய் நகருக்குக் கப்பல் கப்பலாகச் சென்ற பயிர் அது. அது கெட்ட பொருளன்று; மிகப் பெரும்பாலான குழந்தைகளுக்கு நல்லுணவே. ஒவ்வாமைக்கு அஞ்சி எல்லாக் குழந்தைகளுக்கும் அதனை மறுப்பது தவறு. இலண்டனில் நடந்து 2015இல் வெளியான ஆராய்ச்சி, ஒவ்வாமை வர வாய்ப்பு மிகுந்த கைக்குழந்தைகளுக்கு முதல் ஆண்டிலேயே மணிலா உணவைத் தக்க வடிவில் கொடுத்துவரின், பிற்காலத்தில் மணிலா ஒவ்வாமை ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குறைவதைக் காட்டிற்று. கடுமையான கரப்பான் உள்ள குழந்தைக்கு மருத்துவரைக் கேட்டே இதனைத் தொடங்குக. முழுக் கடலை தொண்டையில் அடைக்குமாதலால், சிறு குழந்தைக்கு அதனை ஒருபோதும் தரலாகாது.

செக்கு நடத்துவோர் ஒன்றை நினைவிற் கொள்வது நன்று. மணிலாவும் எள்ளும் ஒரே செக்கில் ஆடினால் ஒன்றின் கூறு மற்றதில் கலக்கும். ஆலையில் முற்றும் சுத்திகரித்த எண்ணெயில் புரதம் பெரும்பாலும் நீங்கிவிடும். செக்கெண்ணெயில் அது எஞ்சியிருக்கும். ஆதலின் எதை எதில் ஆட்டினீர்கள் என்பதை வாங்குவோருக்குச் சொல்லுதல் நேர்மையான வணிகமாகும்.

சட்டமும் சீட்டும்

அடைத்து விற்கும் உணவுப் பொதிகளில், ஒவ்வாமை தரக்கூடிய பொருள்களைத் தனியே குறிக்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் விதித்துள்ளன. கோதுமை போன்ற தானியங்கள், இறால் நண்டு வகை, பால், முட்டை, மீன், மணிலாவும் பிற கொட்டைகளும், சோயா, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட சல்பைட்டு ஆகியவை அப்பட்டியலில் உள்ளன. எள் அப்பட்டியலில் இடம் பெறவில்லை. 2016இல் பிரிட்டனைச் சேர்ந்த பதினைந்து வயதுப் பெண்ணொருத்தி, ரொட்டி மாவில் கலந்திருந்த எள்ளை அறியாது உண்டு உயிரிழந்தாள். அதன் பயனாக, கடையிலேயே செய்து பொதிந்து விற்கும் உணவுக்கும் முழுப் பட்டியல் வேண்டும் என்னும் சட்டம் அங்கு 2021 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. ஆகவே நம் வீட்டுக் குழந்தைக்கு எள் ஒவ்வாதாயின், எச்சரிக்கை வரியோடு நில்லாது சேர்மானப் பட்டியல் முழுவதையும் படித்தல் வேண்டும். சீட்டில்லாத பலகாரமாயின், செய்தவரைக் கேட்டறியாமல் கொடுக்கலாகாது.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

முதலாவதாக, அன்னதானத்திலும் பிரசாதம் வழங்கும் இடத்திலும் ஒரு கரும்பலகை வைத்து, அன்றைய உணவில் சேர்ந்துள்ள பொருள்களை எழுதுக. செலவு ஒரு சுண்ணாம்புக் கட்டியே.

இரண்டாவதாக, வாழைப்பழமோ கற்கண்டோ, வேறெதுவும் கலவாத ஒன்றைத் தனித் தட்டில் வைத்துத் தனிக் கையால் வழங்குக. தமிழ்நாட்டுச் சத்துணவுத் திட்டத்தில் முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம் தருகிறார்கள். வரிசையில் எந்தப் பிள்ளையும் வெறுங்கையோடு நிற்பதில்லை. அம்முறையை நம் விழாக்களுக்கும் கொள்ளலாம். இறைவன் பெயரால் தருவது எதுவாயினும் பிரசாதமே அன்றோ?

மூன்றாவதாக, அங்கன்வாடியிலும் பள்ளியிலும் எந்தக் குழந்தைக்கு எது ஒவ்வாது என்று பெற்றோரைக் கேட்டு எழுதி வைக்கச் செய்க. தானே ஊகித்துப் பல உணவுகளை விலக்கினால் குழந்தை மெலியும். மருத்துவர் ஆராய்ந்து உறுதி செய்தபின் விலக்குவதே முறை. பால், முட்டை ஒவ்வாமை பல குழந்தைகளுக்கு வளர வளர நீங்குவதும் உண்டு. அதனையும் மருத்துவரே சோதித்துச் சொல்ல வேண்டும்.

நான்காவதாக, தேர்த் திருவிழாவுக்கு முன்னர் அண்மையிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் அட்ரினலின் மருந்து இருப்பில் உள்ளதா என்று கேட்டறிந்து, விழாத் தொண்டர்களுக்கு அபாயக் குறிகளைக் கற்பிக்க ஏற்பாடு செய்க.

அபாயம் நேர்ந்தால்

உண்டபின் உடலில் தடிப்பும் அரிப்பும் தோன்றலாம். உதடும் கண்ணிமையும் வீங்கலாம். குரல் கம்முதல், இளைப்பு, ஓயாத இருமல், அடுத்தடுத்து வாந்தி, தள்ளாடி மயங்குதல் ஆகியவற்றுள் எது தோன்றினும் காலந்தாழ்த்தாது 108க்கு அழையுங்கள். தடிப்புத் தோன்றாமலும் இந்நிலை வரக்கூடும். குழந்தையை நடக்க விடாதீர்கள். படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் சாய்த்து உட்கார வைக்கலாம்; வாந்தி எடுத்தால் ஒருக்களித்துக் கிடத்துங்கள். விரலிட்டு வாந்தி எடுக்கச் செய்வதும் கைமருந்து புகட்டுவதும் வேண்டா. தொடையின் வெளிப்புறத் தசையில் போடும் அட்ரினலின் ஊசியே முதல் மருந்து. அரிப்பு மாத்திரை அதற்கு ஈடாகாது. மருத்துவர் முன்னரே அம்மருந்தைக் கொடுத்துக் கற்பித்திருப்பின் தயங்காது போடுக. குணமானது போலத் தோன்றினும் சில மணி நேரம் மருத்துவமனையிலேயே இருத்தல் வேண்டும். குறிகள் மீண்டும் தோன்றக்கூடும்.

வீட்டில் செய்ய வேண்டுவது

பெரும் காரியம் ஒன்று இன்னும் உண்டு. அது நம் மனத்தில் செய்ய வேண்டியது. அண்டை வீட்டுத் தாய் “என் பிள்ளைக்கு இது வேண்டா, அக்கா” என்று கை கூப்பும்போது, அதை நம் வீட்டு உணவுக்கு நேர்ந்த அவமதிப்பாகக் கொள்ளலாகாது. “எங்கள் காலத்தில் இதெல்லாம் இருந்ததா?” என்று இகழ்வதும், அவள் அறியாமல் பிள்ளையின் வாயில் ஊட்டுவதும் அன்பாகா. பாட்டியும் அத்தையும் மாமனும் இதனை உணர்ந்தாலே பாதிக் காவல் அமைந்துவிடும். மற்றப் பாதி, பிள்ளைக்கே கற்பிப்பது: கேட்காமல் தின்னாதே, நாக்கு அரித்தால், தொண்டை இறுகினால் உடனே சொல்.

விருந்தோம்பல் என்பது நாம் விரும்பியதை ஊட்டுவதன்று; வந்தவருக்கு ஏற்றதைப் படைப்பதே ஆகும். வரும் தீபாவளிக்குப் பலகாரத் தட்டை ஏந்தி அடுத்த வீட்டுக்குச் செல்லும்போது, “இதில் இன்னின்ன சேர்த்திருக்கிறேன், பிள்ளைக்கு ஆகுமா?” என்று ஒரு வார்த்தை கேட்போம். அவ்வொரு வார்த்தை ஓர் உயிரைக் காக்கக்கூடும். இதனை நம் ஊர்களின் வழக்கமாக்கும் பொறுப்பைப் பஞ்சாயத்து அன்பர்கள் ஏற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.