தொலைவிலிருந்து காக்கும் கண்

மட்டக்களப்பு வாவிக்கு இரு கரைகள் உண்டு. கதிரவன் எழும் திசையில், கடலுக்கும் வாவிக்கும் இடையே நீண்டு கிடப்பது எழுவான்கரை. கதிரவன் சாயும் திசையில், வயலும் காடுமாக விரிந்து கிடப்பது படுவான்கரை. ஒரு கரையில் வீடும் மறு கரையில் வயலும் உடையோர் தோணியிலும், பாதை என வழங்கும் மிதவையிலும் ஏறி வாவியைக் கடந்து வந்தனர். 2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் அத்துறையில் அப்பயணம் எளிதாயிற்று. ஆயின் இன்று இவ்விரு கரைக் குடும்பங்களுக்கும் மூன்றாவது கரையொன்று உண்டாகியிருக்கிறது. அஃது இலண்டனாகவோ, ரொறன்ரோவாகவோ, கட்டாராகவோ இருக்கலாம். பிள்ளைகள் அக்கரையில் வாழ, வயது முதிர்ந்த தாய் இக்கரையில் தனித்து வாழும் வீடுகளை எவ்வூரிலும் காணலாம்.

அத்தகைய வீடுகளின் விறாந்தையிலும் படலையிலும் இக்காலத்தில் சிறு கமராக்கள் பொருத்தப்படுகின்றன. அவை காண்பவற்றை வீட்டினுள்ளே ஒரு பதிவுப்பெட்டி சேமித்து வைக்கிறது. டீ.வீ.ஆர். என்று கடைக்காரர் கூறுவது இப்பெட்டியையே. இதனை இணையத்தோடு தொடுத்துவிட்டால், ரொறன்ரோவில் இருக்கும் மகன் தன் கைத்தொலைபேசியிலே ஊர் வளவைப் பார்க்கலாம். நேற்றைய பதிவை மீட்டுப் பார்க்கலாம். வேண்டின் அழிக்கவும் செய்யலாம். மட்டக்களப்பில் இரவு பத்து மணியாகும்போது அந்நகரில் நண்பகல் வேளை. தாய் உறங்கும் நேரத்தில் மகன் விழித்திருந்து காவல் செய்ய இயல்வது இக்காலத்தின் பெரும் பேறு என்றே சொல்லவேண்டும்.

இப்பேறு எவ்வாறு கிடைக்கிறது, இதனோடு வரும் தீங்கு யாது, அதனைத் தவிர்க்கும் வழி யாது என்பன ஈண்டு ஆராயத்தக்கன.

முதலில் பெட்டியின் இயல்பை நோக்குவோம். அதனுள்ளே வன்தட்டு ஒன்று உண்டு. கமராக்கள் அனுப்பும் காட்சிகள் இரவும் பகலும் அதில் எழுதப்படுகின்றன. தட்டு நிரம்பியதும், மிகப் பழைய பதிவு அழிந்து அவ்விடத்தில் புதியது எழுதப்படும். ஆகவே, நிகழ்ச்சியொன்று நடந்து சில வாரங்கள் கழித்துத் தேடினால் அந்தப் பதிவு இல்லாது போகக்கூடும். களவு போயிற்று என்று அறிந்தவுடனே பதிவைப் பிறிதோரிடத்தில் படியெடுத்து வைத்தல் வேண்டும். பெட்டியின் கடிகாரம் பிழையாக ஓடினால் பதிவின் நேரமும் பிழையாகும். அத்தகைய பதிவு சான்றாக நிற்க இடர்ப்படும். மின்சாரம் நின்றால் பெட்டியும் நிற்கும், அதனை இணையத்தோடு இணைக்கும் ரவுட்டரும் நிற்கும். 2022ஆம் ஆண்டில் நீண்ட மின்வெட்டுகளை அனுபவித்த இலங்கையர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. இரண்டுக்கும் பொதுவாக ஒரு மின்கலச் சேமிப்புக் கருவி இருப்பின் சிறிது நேரமேனும் காவல் தொடரும்.

இனி, உள்ளூர் வீட்டின் காட்சி கடல் கடந்து செல்லும் வழியைக் காண்போம். வழிகள் இரண்டு. முதலாவது பழைய வழி. ரவுட்டரிலே ஒரு வாயிலைத் திறந்துவைத்து, வெளியிலிருந்து அவ்வாயிலுக்கு வருவோரை நேரே பெட்டியிடம் அனுப்புவது அது. இதிலே காவலாக நிற்பது பெட்டியின் கடவுச்சொல் ஒன்றே. இரண்டாவது வழியில் பெட்டி தானாகவே வெளியே சென்று, அதனை உற்பத்தி செய்த நிறுவனத்தின் கணினியோடு தொடர்புகொண்டு காத்திருக்கிறது. மகனுடைய கைத்தொலைபேசியும் அதே கணினியை நாடுகிறது. அக்கணினி இருவரையும் சந்திக்க வைக்கிறது. வீட்டுவாயிலைத் திறந்துவைக்க வேண்டாத இவ்வழியே இன்று பெரிதும் கையாளப்படுகிறது. ஆயினும் இங்கே இடையில் நிற்கும் நிறுவனத்தின் நேர்மையிலும் திறமையிலும் வீட்டார் நம்பிக்கை வைக்கவேண்டியவராகின்றனர்.

செலவைப் பற்றியும் ஒரு சொல். பெட்டி தன்பாட்டிற் பதிவு செய்துகொண்டிருக்கும்போது இணையத் தரவு பெரிதாகச் செலவாவதில்லை. தொலைவிலிருந்து ஒருவர் பார்க்கும்போதே அது செலவாகும். வினாடிக்கு 1 மெகாபிற் வீதம் காட்சி சென்றால், ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 450 மெகாபைற் கழியும். ஆகவே நாள் முழுதும் பார்த்துக்கொண்டிருப்பது கட்டணத்தைக் கூட்டும். தேவையானபோது, தரம் குறைந்த காட்சியைத் தெரிந்து பார்ப்பதே சிக்கனம்.

இனித் தீங்கைப் பற்றிக் கூறுவோம். 2016ஆம் ஆண்டில் மிராய் என்னும் தீநிரல் ஒன்று உலகெங்கும் பரவிற்று. மிராய் என்பது எதிர்காலம் எனப் பொருள்படும் யப்பானியச் சொல். அது தேடிச் சென்றவை பெரிய கணினிகள் அல்ல. வீடுகளிலும் கடைகளிலும் இருந்த கமராக்களும் பதிவுப்பெட்டிகளும் ரவுட்டர்களுமே. தொழிற்சாலையிலேயே இடப்பட்டு, வாங்கியவர் மாற்றாது விட்டுவிட்ட பயனர்பெயர்களும் கடவுச்சொற்களும் ஏறத்தாழ அறுபது சோடி அதனிடம் இருந்தன. அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக இட்டுப் பார்க்கும். பொருந்தியதும் பெட்டி அதன் அடிமையாகிவிடும். இவ்வாறு சேர்க்கப்பட்ட பெரும் படையொன்று 2016 ஒற்றோபர் 21ஆம் திகதி, அமெரிக்காவில் இணையப் பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் டைன் என்னும் நிறுவனத்தைத் தாக்கிற்று. டுவிட்டர், நெட்பிளிக்ஸ் முதலிய தளங்களைப் பலர் சில மணி நேரம் அடைய முடியாது தவித்தனர். அத்தீநிரலை ஆக்கியவர்கள் அமெரிக்க இளைஞர் மூவர். 2017இல் அவர்கள் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். பெட்டிகளின் உரிமையாளரோ, தம் வீட்டுப் பொருள் பிறர்மேல் எறியப்பட்ட கல்லாயிற்று என்பதை அறியாதே இருந்தனர்.

இதனினும் வீட்டாரை நெருங்கித் தொடும் தீங்கு மற்றொன்று. பெட்டிக்குள் புகுந்தவர் அது காண்பதனைத்தையும் காணலாம். வீட்டிலே யார் இருக்கிறார், எப்பொழுது கோயிலுக்குப் போகிறார், படலை எப்பொழுது திறந்து கிடக்கிறது என்பன அவர்க்குத் தெரிந்துவிடும். காவலுக்கு வைத்த கண் கள்வனுக்கு வழிகாட்டும் கண்ணாகிவிடுகிறது.

இக்குறையை உணர்ந்த நாடுகள் சட்டம் செய்துள்ளன. கலிபோர்னியா மாநிலத்தில் 2020 சனவரி முதலும், ஐக்கிய இராச்சியத்தில் 2024 ஏப்ரல் 29 முதலும், எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே கடவுச்சொல்லை இட்டு விற்பது தடுக்கப்பட்டுள்ளது. இலங்கையில், பிறருடைய கணினிக்குள் அனுமதியின்றிப் புகுதல் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி குற்றமாகும். முறையீடுகளைக் கேட்டு வழிகாட்ட ஸ்ரீலங்கா சேர்ட் என்னும் தேசிய நிலையமும் உண்டு. எனினும் வீட்டுப் பூட்டைச் சட்டம் வந்து பூட்டித் தருவதில்லை.

ஆதலின் வீட்டார் செய்யத்தக்கவை சில உள. முதலாவது, பெட்டி பொருத்தப்பட்ட அன்றே கடவுச்சொல்லை மாற்றுதல். பிறந்த ஆண்டும் பிள்ளையின் பெயரும் கடவுச்சொல்லாகா. தொடர்பில்லாத நான்கு சொற்களைக் கோத்து நீளமாக அமைப்பது நன்று. இரண்டாவது, பெட்டியின் கணக்கு யார் பெயரில் உள்ளது எனக் கேட்டறிதல். பொருத்த வந்த தொழிலாளி விரைவு கருதித் தன் தொலைபேசி இலக்கத்திலேயே கணக்கைத் திறந்துவிட்டுப் போவதுண்டு. அவர் நல்லவராயிருக்கலாம், ஆனாலும் வீடு கட்டிய மேசன் வீட்டுத் திறப்பைத் தன் மடியில் வைத்திருப்பதை எவரும் ஒப்பமாட்டார். மூன்றாவது, உறவினர் எல்லோர்க்கும் முழு அதிகாரம் கொடாது, பார்க்கும் அதிகாரத்தை மட்டும் கொடுத்தல். நான்காவது, பெட்டியை இயக்கும் மென்பொருளுக்குத் திருத்தம் வரும்போது அதனை ஏற்றுதல். ஐந்தாவது, பழைய முறையில் திறந்த வாயில் ஏதும் இருப்பின் அதனை அடைத்துவிடுதல்.

இவையனைத்தும் செய்த பின்பும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. பார்க்கப்படுபவர் இதற்கு இசைந்தாரா? மகன் அன்பினால் கமரா வைக்கிறான்; ஐயமில்லை. ஆயினும் தலைவாரும்போதும், அயல்வீட்டுப் பெண்ணோடு மனம்விட்டுப் பேசும்போதும், தனித்திருந்து கண்ணீர் விடும்போதும் தன்னை ஒருவர் பார்க்கிறார் என்றால் எந்தத் தாயின் மனம் கூசாது? அவர் வாய்விட்டுச் சொல்லமாட்டார். பிள்ளை வருந்துமே என்று பொறுத்துக்கொள்வார். எனவே கமரா எங்கே இருக்கலாம், எங்கே இருக்கக்கூடாது என்பதை அவரிடமே கேட்டு முடிவு செய்தல் வேண்டும். படலையும் விறாந்தையும் வளவும் காவலுக்குரிய இடங்கள். படுக்கையறையும் அடுக்களையும் அவருக்குரிய இடங்கள். கமராவை நிறுத்தும் வழியையும் அவருக்குக் கற்றுக்கொடுத்தல் முறை.

இன்னுமொன்று. படுவான்கரையின் வயலோர ஊர்களில் இரவிலே காட்டானை வளவுக்குள் வருவதுண்டு. தொலைவிலிருக்கும் மகன் அதனைத் தன் திரையில் கண்டு பதறலாம். அங்கிருந்து அதனை விரட்ட அவனால் இயலாது. அயல்வீட்டாரின் தொலைபேசி இலக்கம் அவனிடம் இருந்தால் அவன் கண்டது பயன்படும். அயலாரோடு முகங்கொடுத்துப் பேசாத வீட்டுக்குப் பத்துக் கமரா இருந்தும் பயன் சிறிதே.

பாலம் வந்தால் அதன் வழியே உறவினரும் வருவர், வேண்டாதவரும் வருவர். அதற்காகப் பாலம் வேண்டாம் என்பாரில்லை. படலைக்குப் பூட்டுப் போட்டுத் திறப்பைப் பத்திரமாக வைத்துக்கொள்வர். இணையத்தின் வழியே வீட்டைக் காண விழைவோர் அந்தத் திறப்பு யாரிடம் இருக்கிறது என்பதை இன்றே கேட்டறிவாராக. அவ்வாறு கேட்கும்போது, வீட்டில் இருக்கும் தாயின் விருப்பத்தையும் சேர்த்துக் கேட்பாராக.